கேட்காத ஊசி

எனக்கு ஒரு சொல்லோடு சண்டை. 'மெயின்டனன்ஸ்' என்ற சொல்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இத்தனை வருட வேலையில் பாதிக்கு மேல் மெயின்டனன்ஸ்தான். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய நிரலைத் திறப்பது, லாக் படிப்பது, எங்கே உடைகிறது என்று தேடுவது, கண்டுபிடித்துச் சரிசெய்வது. கௌரவமான வேலை என்று ஆபீஸில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நேர்மை இருக்கிறது: முதலில் பார், பிறகு கை வை.

அமெரிக்கக் குதிரைப் பந்தய உலகத்திலும் இதே சொல் புழங்குகிறது. 'ஜாயின்ட் மெயின்டனன்ஸ்'. பந்தயக் குதிரையின் மூட்டுக்குள் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு அந்தப் பெயர். எந்த மூட்டில் பிரச்சனை, ஏன் பிரச்சனை, பிரச்சனை இருக்கிறதா என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல், பைக்குக்கு ஆயில் மாற்றுகிற மாதிரி, நாள் வந்தால் ஊசி.

ஒரு நைட் ஷிப்டில், சர்வர் சும்மா இருந்த நேரத்தில், யூடியூபில் தற்செயலாக இந்த உலகத்துக்குள் விழுந்தேன். கால்நடை மருத்துவர்களுக்கான பயிற்சி வீடியோ ஒன்று. குதிரையின் கணுக்கால் மூட்டில் ஊசி இறங்குகிறது. ஊசியின் பின்முனையில் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு வருகிறது. "சரியான இடத்தில் இருக்கிறோம்" என்கிறார் மருத்துவர். சொட்டு தரையில் விழுகிறது. அவர் மருந்துச் சிரிஞ்சை மாட்டி உள்ளே தள்ளுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தரையில் விழுந்த அந்தச் சொட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அந்தக் காலைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் கோபப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். அந்த மிருகம் ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலில் நிற்கிறது. நமது நடுவிரலுக்கு இணையான விரல். விரல் தொடங்கும் இடத்தில் நமக்கு முட்டி இருக்கிறதே, அந்த இடம்தான் குதிரைக்கு 'ஃபெட்லாக்'. பேச்சுவழக்கில் கணுக்கால் என்பார்கள். அதற்குக் கீழே 'பாஸ்டர்ன்' மூட்டு. அதற்கும் கீழே, பாதி குளம்புக்குள் ஒளிந்தபடி, 'காஃபின்' மூட்டு. ஃபெட்லாக்கின் பின்புறம் இரண்டு சிறிய எலும்புகள் உண்டு. பெயர் செசமாய்டு. எள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உடல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒரு கணம் ஒரே ஒரு முன்னங்கால் மட்டும் தரையில் இருக்கும். அப்போது அந்தக் காலில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதைத் தாங்கும் ஏற்பாட்டில் அந்த எள்ளுப் பேர் கொண்ட எலும்புகளுக்கும் பங்குண்டு.

பந்தயத்தில் எலும்பு முறிந்து சாகும் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தப் பகுதியில்தான் உடைகின்றன.

மூட்டுக்குள் ஊசி போடுவது நுட்பமான கலை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முடியை மழிக்க வேண்டும். கிருமிநாசினி போட்டு நிமிடக்கணக்கில் தேய்க்க வேண்டும். ஸ்டெரைல் கிளவுஸ். தேவைப்பட்டால் மயக்க மருந்து, அல்லது மேலுதட்டை முறுக்கிப் பிடிக்கும் 'ட்விட்ச்'. ஃபெட்லாக் என்றால் காலைத் தூக்கி மடக்குவார்கள். மடக்கும்போது செசமாய்டுக்கும் அதன் முன்னால் உள்ள நீண்ட எலும்புக்கும் நடுவில் ஒரு இடுக்கு திறக்கும். பக்கவாட்டிலிருந்து அங்கே ஊசியை இறக்கினால் எடுக்கும் நீரில் ரத்தம் கலப்பது குறைவு. காஃபின் மூட்டு என்றால் குதிரை நின்றபடியே இருக்கும். குளம்பு தொடங்கும் விளிம்புக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில். குதிரை உதைத்தால் மருத்துவர் தலை போகும். இதை ஒழுங்காகச் செய்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இப்படி உள்ளே போன ஊசி மூன்று வேலை செய்யும்.

முதல் வேலை, எடுப்பது. நல்ல மூட்டு நீர் வெளிர்மஞ்சளாக, தெளிவாக இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் வெல்லப்பாகு கம்பிப் பதம் மாதிரி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுபடும். பாகு நீர்த்துப் போயிருந்தால் உள்ளே அழற்சி. கலங்கியிருந்தால் தொற்று இருக்கலாம். நீர் முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தால் எப்போதோ உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. மிச்சத்தை லேபுக்கு அனுப்பலாம். நல்ல மூட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணுக்கள் ஆயிரத்துக்குள் இருக்கும். 30,000-ஐத் தாண்டினால் தொற்று என்றே வைத்துக்கொண்டு அவசர சிகிச்சையில் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட மூட்டில், பார்க்காமல், எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வேலை, கேட்பது. மூட்டுக்குள் மரமரப்பு மருந்து செலுத்தி, சில நிமிடம் கழித்துக் குதிரையை நடத்திப் பார்ப்பார்கள். நொண்டல் போய்விட்டால் வலி அந்த மூட்டில் இருக்கிறது. போகவில்லையென்றால் வேறு இடம் தேடு. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் இது சுத்தமான டீபக்கிங்.

மூன்றாம் வேலை, போடுவது. ட்ரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள், கூடவே ஹயலுரானிக் அமிலம்.

மூன்று வேலைக்கும் துளை ஒன்றுதான். என் குற்றச்சாட்டு எளிமையானது: முதல் இரண்டு வேலையையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதுக்குப் போகும் பழக்கத்துக்கு 'மெயின்டனன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நான் ஒரு காரியம் செய்தேன். இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸிலிருந்து அலர்ட். டிஸ்க் நிறைகிறது என்று. காலையில் டெமோ. தூக்கம். அலர்ட்டை மியூட் செய்துவிட்டுப் படுத்தேன். இரவு நிம்மதியாகப் போனது. டெமோவும் நன்றாகவே போனது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக விழுந்தது. பிறகு நடந்த மீட்டிங்கில் மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அலர்ட் வந்துச்சா, வரலையா?" வந்தது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.

நொண்டல் என்பது குதிரையின் அலர்ட். அதற்கு வேறு மொழி கிடையாது.

எலும்பு எப்படி உடைகிறது என்று பாருங்கள், இது இன்னும் கொடுமை. வேகமாக ஓட ஓட எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழும். உடல் அதைச் சரிசெய்யும். ஆனால் சரிசெய்யும் முறை விசித்திரமானது. முதலில் கெட்டுப்போன எலும்பைக் கரைத்து எடுக்கும், பிறகுதான் புதிதாக நிரப்பும். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்னைவிட பலவீனம். அந்த நேரத்தில் தேவைப்படுவது ஓய்வு. ஓய்வு எடுக்க வைப்பது வலி. அந்த வாரங்களில் வலியைக் குறைத்து ஓடவிட்டால், உடல் தானாகச் செய்துகொண்டிருந்த மெயின்டனன்ஸை நாம் நிறுத்துகிறோம். இப்போது சொல்லுங்கள், அந்தச் சொல் யாருக்குச் சொந்தம்?

கலிஃபோர்னியாவில் பந்தயக் குதிரைகள் இறந்தால் உடற்கூறாய்வு செய்யும் திட்டம் 1990-லிருந்து இருக்கிறது. டேவிஸில் உள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று: உயிரைப் பறித்த எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை திடீர் விபத்து இல்லை, அதே இடத்தில் பழைய சேதம் ஏற்கெனவே இருந்தது. 'தவறான ஒரு அடி' என்று கமென்ட்ரியில் சொல்வது ஆறுதலுக்காகச் சொல்லும் கதை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பந்தயக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. மூட்டு போன்ற இடங்களில் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட குதிரைகளுக்கு அடுத்து வந்த வாரங்களில் காயம் ஏற்படும் வேகம் அதிகமாக இருந்தது. இதைச் சொன்னால் ஒரு பதில் வரும்: "ஊசியால் காயம் வரலை சார், ஏற்கெனவே அடிபட்ட குதிரைக்குத்தானே ஊசி போடுவாங்க?" சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அடிபட்டது தெரிந்தும் ஓடவிட்டார்கள் என்று அர்த்தமாகிறது. தெரியாது என்றால், தெரியாமலே ஊசி போட்டார்கள் என்று அர்த்தமாகிறது. எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க வழியில்லை.

*

2018 டிசம்பர் 26 முதல் 2019 ஜூன் வரை நடந்த ஒரே சீசனில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானத்தில் 30 குதிரைகள் இறந்தன. மழை, மண், தரை என்று முதலில் எல்லோரும் மண்ணைத் தோண்டினார்கள். மண்ணுக்கும் பங்கு உண்டுதான். 2020 மார்ச்சில் மாநிலக் குதிரைப் பந்தய வாரியம் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. ஆராய்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றில் முறிந்த இடத்தில் பழைய சேதம். சட்டவிரோதமான மருந்தோ செயல்முறையோ கண்டுபிடிக்கப்படவில்லை.

இரண்டாவது வாக்கியத்தைப் பந்தயத் தரப்பு நிம்மதிப் பெருமூச்சோடு வாசித்தது. எனக்கு அது இரண்டு வாக்கியத்தில் பயங்கரமான வாக்கியம். எல்லாம் சட்டப்படி நடந்திருக்கிறது, குதிரைகள் செத்திருக்கின்றன.

இதற்கும் முன்னால் நியூயார்க்கின் அக்வடக்ட் மைதானம். 2011 நவம்பர் கடைசியிலிருந்து 2012 மார்ச் வரை 21 குதிரைகள். அந்த மைதானத்தில் அப்போதுதான் சூதாட்ட இயந்திரங்கள் வந்திருந்தன. அதிலிருந்து வந்த பணத்தில் பரிசுத்தொகை ஏறியது. அங்கே 'கிளெய்மிங்' என்று ஒரு பந்தய வகை உண்டு. ஓடும் குதிரையை முன்கூட்டியே குறித்த விலைக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம். பரிசுத்தொகை ஏற ஏற, குதிரையின் விலையைவிட அது ஓடுவதால் கிடைக்கக்கூடிய பணம் பல மடங்கானது. இன்னும் ஒரு ரேஸ் ஓடினால் போதும், பிறகு அது வேறொருவன் பொருள். மாநிலம் நியமித்த குழு விசாரித்து, அந்த மரணங்களில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியவை என்றது. பந்தயத்துக்கு நெருக்கமாகப் போடப்பட்ட மூட்டு ஊசிகளைப் பற்றியும் கவலை தெரிவித்தது. இங்கே தனிமனிதக் கொடூரத்தைத் தேடாதீர்கள். கணக்கு அப்படிப் போடப்பட்டிருந்தது; கணக்குக்கு ஏற்ப ஊசி இறங்கியது.

பிறகு 2021. கென்டக்கி டெர்பியில் மெடினா ஸ்பிரிட் முதலில் வந்தது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 21 பைக்கோகிராம் பீட்டாமெத்தசோன். பைக்கோகிராம் என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 2022 பிப்ரவரியில் வெற்றி பறிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வக்கீல்கள் வாதாடிய விஷயம் என்ன தெரியுமா? மருந்து மூட்டு ஊசியாகப் போனதா, தோல் வியாதிக்குத் தடவிய களிம்பாகப் போனதா என்பது. அந்தக் குதிரை 2021 டிசம்பரில் பயிற்சியின்போது விழுந்து இறந்தது; திட்டவட்டமான காரணம் கிடைக்கவில்லை. அந்த மரணத்தை என் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது நேர்மையில்லை. நான் சொல்வது வேறு. ஒரு நாடே மாதக்கணக்கில் பைக்கோகிராமைப் பற்றிப் பேசியது. ஊசி எதற்காகப் போடப்படுகிறது, போடுவதற்கு முன் யார் பார்த்தார்கள் என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ரத்தத்தில் மருந்து மறைந்த பிறகும் மூட்டு நீரில் அது தங்கியிருக்கும் என்பது மருந்தியல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். நாம் அளப்பது ஓரிடம். விஷயம் நடப்பது வேறிடம்.

இப்போது அமெரிக்காவில் மத்திய சட்டம் வந்திருக்கிறது. 2020 டிசம்பரில் இயற்றப்பட்டு, 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகள். 2023 மேயிலிருந்து மருந்துக் கட்டுப்பாடும். மூட்டு ஊசி போட்டால் 14 நாள் பந்தயம் கூடாது, 7 நாள் வேகப் பயிற்சி கூடாது. நல்ல விதி. வரவேற்கிறேன். ஆனால் நாட்கணக்கு என்பது காலண்டர். காலண்டருக்குக் கண் கிடையாது. 14 நாளில் ஸ்டீராய்டின் பரபரப்பு அடங்கும். விரிசல் விழுந்த எலும்பு 14 நாளில் சேராது. 2023 வசந்தத்தில் சர்ச்சில் டவுன்ஸில் 12 குதிரைகள் இறந்து, பந்தயங்களையே வேறு மைதானத்துக்கு மாற்ற வேண்டிவந்தது. பொதுவான ஒற்றைக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ஒற்றைக் காரணம் அகப்படாததை ஏதோ நற்செய்தி போலச் சொன்னவர்களும் உண்டு.

*

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

"வலியைப் போக்குவது கருணை இல்லையா?" போன வருடம் என் அம்மாவுக்கு முழங்காலில் இதே வகை ஊசி போட்டார்கள். டாக்டர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். பிறகு வீங்கிய மூட்டிலிருந்து நீரை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, லேபுக்கு அனுப்பினார். அதன் பிறகுதான் மருந்து. "ரெண்டு வாரம் மாடிப்படி ஏறாதீங்கம்மா" என்றார். நாலாம் நாள் அம்மா பழனிக்குக் கிளம்பிவிட்டார். "வலி இல்லடா. வலி இல்லன்னா சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?" நான் கத்தினேன். அம்மா முறைத்துவிட்டு விஞ்சில் போனார். ஏறியிருந்தாலும் அது அவர் முடிவு, அவர் கால், அவர் முருகன். குதிரைக்கு டாக்டர் சொன்னதும் தெரியாது, படியில் ஏறாதே என்று கத்த மகனும் கிடையாது. வலி இல்லையென்றால் சரியாகிவிட்டது என்றுதான் அது நம்பும், நம்பி முழு வேகத்தில் ஓடும். கருணை என்றால் ஊசியோடு ஓய்வையும் கொடுங்கள். ஊசியை மட்டும் கொடுத்து ஓட்டத்தை வாங்குவதற்குக் கருணை என்று பேர் கிடையாது.

"எல்லா ஸ்டீராய்டும் கெடுதல் இல்லை." உண்மை. மெத்தில்பிரெட்னிசலோன் குருத்தெலும்பைக் கெடுக்கும் என்றும், ட்ரையாம்சினலோன் அந்த அளவு கெடுக்கவில்லை, சில சூழலில் பாதுகாக்கவும் செய்கிறது என்றும் 1990-களிலேயே கொலராடோவில் ஆய்வு வந்துவிட்டது. மருந்தோடு எனக்குச் சண்டை இல்லை. பார்க்காமல் போடுவதோடுதான்.

"மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால் எலும்பு விரிசல் தெரியுமா?" தெரியாமல் போகலாம். நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க, பக்கத்தில் எலும்பு வெடிக்கத் தயாராக இருக்கலாம். அதனால்தான் சொட்டோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். மரமரப்பு ஊசி இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. 2019 கடைசியில், அத்தனை சாவுக்குப் பிறகு, அதே சாண்டா அனிடாவில் குதிரை நின்றபடியே காலைப் படம் எடுக்கும் பெட் ஸ்கேனர் வந்தது. எக்ஸ்ரேயில் சிக்காத ஃபெட்லாக் மாற்றங்களை அது காட்டுகிறது. பார்க்க முடியாது என்ற சாக்கு முடிந்துவிட்டது. இனி பார்க்காதவர்கள், பார்க்க விரும்பாதவர்கள்.

"இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு உனக்கெதுக்கு இந்தக் கவலை?" நம் ஊரிலும் குதிரை ஓடியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 1974-இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று தீர்ப்பு வந்தது. 2024-இல் கிண்டி மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து அரசு சீல் வைத்தது. சூதா திறமையா என்று ஒரு சண்டை, நிலம் யாருடையது என்று ஒரு சண்டை. இரண்டும் நியாயமான சண்டைகளே. ஆனால் இரண்டிலும் மனிதனின் பணமும் மனிதனின் நிலமும்தான் வாதாடின. குதிரையின் கால் சாட்சிக்கூண்டுப் பக்கமே வரவில்லை. அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அருகதை இல்லை.

பந்தயத்தையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அந்த விவாதத்துக்கு இன்னொரு நாள் வருகிறேன், ஒருவேளை உங்கள் பக்கமே நிற்பேன். ஆனால் நாளைக் காலை ஏதோவொரு லாயத்தில் ஒரு குதிரையின் காலைத் தூக்கி மடக்கப்போகிறார்கள். அந்தக் குதிரைக்கு உங்கள் புரட்சி வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. எந்த மூட்டு, என்ன காரணம், எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் பந்தயக் குதிரையின் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போகக் கூடாது. அந்தப் பதில் குதிரை கைமாறும்போது கூடவே போக வேண்டும். பந்தயம் கட்டுகிறவர் கண்ணிலும் பட வேண்டும். நான் ஒரு வரி நிரலை மாற்றினால்கூட, ஏன் மாற்றினேன் என்று எழுதாமல் எங்கள் சிஸ்டம் ஏற்காது. அது வெறும் ஷாப்பிங் ஆப்.

அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். ஊசி இறங்குகிறது, மஞ்சள் சொட்டு திரள்கிறது, தரையில் விழுகிறது. குப்பியை எடுத்து அடியில் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? அந்தக் குதிரை சொல்லக்கூடியது அவ்வளவுதான், ஒரு சொட்டு. அதைக்கூடக் கேட்காமல் மருந்தைத் தள்ளுபவர்கள், தயவுசெய்து எங்கள் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.